எந்த மீன், எந்த ஆழம், எந்த வேகம்? கரையோரக் கடலில் இழுவைத் தூண்டில்

(இணையவழியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்கள் போனை எடுத்து 'டிரோலிங்' என்று தேடிப் பாருங்கள். மூன்று விஷயங்கள் வரும். முதலில், ஆளைக் கிண்டல் செய்கிற மீம்ஸ். அடுத்து, கடலின் அடியைத் தொட்டபடி மடியை இழுத்துச் செல்லும் பெரிய விசைப்படகு. அது 'டிராலிங்', இழுவை வலை. மூன்றாவதாகத்தான் நாம் இன்று பேசப் போகிற டிரோலிங் வரும். ஓடுகிற படகுக்குப் பின்னால் நரம்பில் இரையைக் கட்டி, அதை மீன் துரத்தி வந்து கடிக்கும்படி இழுத்துச் செல்வதுதான் அது. ஊருக்கு ஊர் இதற்குப் பேர் மாறும். நான் இந்த உரையில் 'இழுவைத் தூண்டில்' என்றே சொல்றேன்.

வலையையும் தூண்டிலையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இழுவை வலை ஒரே வீச்சில் எல்லா மீனையும் அள்ளும். இழுவைத் தூண்டிலில் ஒரு நேரத்தில் ஒரு முள்ளில் ஒரு மீன்தான். மீன் நசுங்காது, செதில் உதிராது, உயிரோடு படகுக்கு வரும். அதனால் ஏலத்தில் அதற்குத் தனி மதிப்பு. ஃபைபர் படகில் இரண்டு பேராகப் போகிறவர்களுக்கும், வலை இழுக்கப் போகும் வழியிலும் வரும் வழியிலும் ஒரு நரம்பு விட்டுப் பார்ப்பவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காகக் கடலுக்குப் போகிறவர்களுக்கும் இது உதவும்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கு. இப்போது தூண்டில் சாமான் வாங்குவது பெரும்பாலும் போனில்தான். அப்பாவுக்கு மகன் ஆர்டர் போடுகிறார், அண்ணனுக்குத் தம்பி போடுகிறார். திரையில் ஐம்பது துண்டு, நூறு துண்டு கொண்ட 'காம்போ செட்' பளபளவென்று வரும். பார்க்க அழகாக இருக்கும். அதில் பல, நன்னீர் ஏரி மீனுக்காகச் செய்தவை. நம் கடலில் ஒரு வஞ்சிரம் ஒரே கடியில் அதை அறுத்துக்கொண்டு போய்விடும். போனது லூர் மட்டுமா? அன்றைய எரிபொருளும் அன்றைய உழைப்பும் சேர்ந்து போகும். வாயில் முள்ளோடு தப்பிய மீனும் நல்லபடியாகப் பிழைக்கும் என்று சொல்ல முடியாது.

ஆகவே இன்றைக்கு நான் சொல்ல வருவது ஒரே ஒரு விஷயம். சாமானில் இருந்து தொடங்காதீர்கள். மூன்று கேள்வியில் இருந்து தொடங்குங்கள். எந்த மீன்? அது எந்த ஆழத்தில் இருக்கு? என் படகு எந்த வேகத்தில் போகும்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் என்ன வாங்க வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

கேள்வி 1: எந்த மீன்?

தூத்துக்குடி, ராமநாதபுரம், கன்னியாகுமரிப் பக்கக் கரையோரக் கடலை எடுத்துக்கொள்வோம். ஓடும் இரையைத் துரத்துகிற மீன்கள் என்று பார்த்தால் வஞ்சிரம், ஊளி, பாரை, கட்டா, சூரை, கடல்விரால் ஆகியவைதான் முக்கியம். முகத்துவாரங்களில் கொடுவாவும் உண்டு.

இங்கே பெயரில் ஒரு எச்சரிக்கை. சென்னையில் வஞ்சிரம் என்பதைத் தெற்கே சீலா என்பார்கள், குமரிப் பக்கம் நெய்மீன் என்பார்கள். சென்னை மார்க்கெட்டில் 'சீலா' என்று கேட்டால் ஊளியை எடுத்துக் கொடுப்பார்கள். யாராவது ஒரு வீடியோவில் 'சீலாவுக்கு இந்த லூர் சூப்பர்' என்று சொன்னால், எந்த ஊர் சீலா என்று முதலில் பாருங்கள். நல்ல வேளையாக, இரண்டுக்குமே பல் கத்தி மாதிரிதான்.

மீனின் பல்தான் முதல் முடிவை எடுக்கிறது. வஞ்சிரத்துக்கும் ஊளிக்கும் கம்பி வேண்டும். சாதாரண தங்கூஸ் நரம்பு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அறுந்துபோகும். துருப்பிடிக்காத ஒற்றை இழை எஃகுக் கம்பி 30 முதல் 45 சென்டிமீட்டர் இருந்தால் போதும். அதற்கு மேல் நீளமாகப் போட்டால் லூரின் ஆட்டம் குறையும், மீனும் கம்பியைப் பார்த்து ஒதுங்கும்.

கம்பியை முடிச்சுப் போட முடியாது, முறுக்கத்தான் வேண்டும். லூரின் வளையத்தில் கம்பியை நுழைத்து, இரண்டு முனையும் ஒன்றையொன்று சமமாகப் பின்னுமாறு நான்கைந்து சுற்று முறுக்குங்கள். அதன் மேல் குட்டை முனையை மட்டும் நெருக்கமாக, ஸ்பிரிங் போல, இன்னும் நான்கைந்து சுற்று சுற்றுங்கள். மிச்சத்தைக் கட்டிங் பிளேயரால் வெட்டாதீர்கள். முன்னும் பின்னும் மடக்கினால் அதுவே சுத்தமாக ஒடிந்துவிடும். வெட்டினால் நிற்கிற கூர் முனை கையைக் கிழிக்கும். ஒருமுறை மடிந்து கோணலான கம்பியைத் திரும்ப நிமிர்த்திப் பயன்படுத்தவும் வேண்டாம். அந்த மடிப்பில்தான் அடுத்த மீன் அறுத்துக்கொண்டு போகும்.

பாரைக்கும் சூரைக்கும் கதை வேறு. இவற்றுக்கு அறுக்கிற பல் இல்லை. சூரைக்குக் கண் கூர்மை, கம்பி இருந்தால் வராது. அதற்கு நிறமில்லாத நரம்பை நீளமாக லீடர் போட வேண்டும். பாரை மாட்டினதும் நேராகப் பாறையை நோக்கித்தான் ஓடும். உரசினால் தாங்கும்படி 40 கிலோவுக்குக் குறையாத தடித்த நரம்பு லீடராக வேண்டும். கொடுவாவுக்குச் செவுள் மூடியின் ஓரம் கூர். அதற்கும் நரம்பு லீடர்தான், ஆனால் அது உரசலைத் தாங்க வேண்டும்.

வஞ்சிரத்தின் இன்னொரு குணத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். அது இரையை முதலில் வால் பக்கம் வெட்டிவிட்டு, திரும்பி வந்து தின்னும். முரலோ சாளையோ வாளையோ கட்டி இழுக்கும்போது தலையில் மட்டும் முள் வைத்தால், பாதி இரைதான் கைக்குத் திரும்பி வரும். ஆகவே தலையில் ஒரு முள், அதில் இருந்து கம்பியால் இணைத்து வால் பக்கம் ஒரு முள் வைக்க வேண்டும். பின் முள்தான் பெரும்பாலும் மீனைப் பிடிக்கும்.

கேள்வி 2: எந்த ஆழம்?

நிறையப் பேர் லூரின் நிறத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். சிவப்பா, பச்சையா, வெள்ளியா? நிறம் முக்கியம்தான், ஆனால் அது கடைசி. மீன் ஐந்து மீட்டர் கீழே இருக்கும்போது உங்கள் லூர் மேலே துள்ளிக்கொண்டிருந்தால் எந்த நிறமும் வேலைக்கு ஆகாது.

லூரின் முகத்தைப் பாருங்கள். வாய்க்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தகடு இருக்கும். இழுக்கும்போது நீர் அந்தத் தகட்டை அழுத்தி லூரைக் கீழே இறக்குகிறது. தகடு சின்னதாகவும் செங்குத்தாகவும் இருந்தால் லூர் ஒன்றிரண்டு மீட்டர்தான் இறங்கும். தகடு நீளமாக, முன்னோக்கிப் படுத்திருந்தால் ஐந்து மீட்டருக்கு மேலும் இறங்கும். தகடே இல்லாத இறகு லூர், பாவாடை போல நார் தொங்குகிற லூர் எல்லாம் மேல் நீரில்தான் ஓடும். சூரைக்கு அவை பொருத்தம். ஆன்லைனில் வாங்கும்போது படத்தை மட்டும் பார்க்காமல், விவரத்தில் எத்தனை மீட்டர் இறங்கும் என்று எழுதியிருக்கிறதா என்று படியுங்கள். எழுதவில்லை என்றால் தகட்டை வைத்துக் கணியுங்கள்.

'நரம்பை நிறைய விட்டால் ஆழம் போகும்தானே?' என்று கேட்பார்கள். ஓரளவு வரைக்கும் போகும். அதற்கு மேல் விட்டால், விட்ட நரம்பே நீரில் இழுவையாகி லூரை மேலே தூக்கும். தடித்த நரம்பு என்றால் இன்னும் சீக்கிரம் தூக்கும். மெல்லிய பின்னல் நரம்பு, அதாவது பிரெய்டு, அதே லூரை ஆழமாக ஓட்டும். ஆனால் பிரெய்டுக்கு நீட்சி இல்லை. மீன் அடிக்கிற வேகம் முழுக்க முள்ளிலும் உங்கள் கையிலும் இறங்கும். சாதாரண தங்கூஸ் கொஞ்சம் நீண்டு கொடுக்கும், அடி தாங்கும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு முதன்மை நரம்பாகத் தங்கூஸே போதும்.

செத்த இரையைக் கட்டி ஆழத்தில் இழுக்க வேண்டும் என்றால் ஈயம் சேர்க்கலாம். ஆனால் ஈயத்தை இரைக்குப் பக்கத்தில் கட்டக் கூடாது. நான்கைந்து மீட்டராவது முன்னால் கட்டுங்கள். இரை தனியாக நீந்துவது போல இருக்க வேண்டும். நீரை அழுத்திக் கீழே இறங்குகிற சாய்பலகையும் கடைகளில் உண்டு. மீன் கடித்ததும் சாய்வு மாறி அது தானாக மேலே வந்துவிடும்.

ஆழம் என்று சொல்லும்போது இடமும் சேர்ந்துதான் வருகிறது. வெறும் மணல் தரைக்கு மேல் நாள் முழுக்க இழுத்தாலும் பலன் குறைவு. பாரின் விளிம்பு, செயற்கைப் பவளத்திட்டு போட்ட இடம், கலங்கல் நீரும் தெளிந்த நீரும் சந்திக்கிற கோடு, ஆலாப் பறவைகள் கூட்டமாக இறங்கிக் கொத்துகிற இடம், இங்கெல்லாம்தான் சின்ன மீன் சேரும். அதைத் தின்னப் பெரிய மீன் வரும். நம் பெரியவர்கள் கரையில் தெரிகிற கோபுரத்தையும் மலையையும் நேர்கோட்டில் வைத்துப் பார் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். நீங்கள் போனில் அந்தப் புள்ளியைச் சேமித்து வையுங்கள். ஆனால் அப்பாவிடமும் தாத்தாவிடமும் அந்தக் கோட்டைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். பேட்டரி தீர்ந்தாலும் கோபுரம் இருக்கும்.

கேள்வி 3: எந்த வேகம்?

கடலில் வேகத்தை நாட் கணக்கில் சொல்வார்கள். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.85 கிலோமீட்டர். செத்த மீனை இரையாகக் கட்டி இழுத்தால் 2 முதல் 4 நாட். தகடு வைத்த லூருக்குப் பெரும்பாலும் 4 முதல் 6 நாட். இறகு லூரைச் சூரைக்கு இழுக்கும்போது 6 முதல் 8 நாட். முகத்துவாரத்தில் கொடுவாவுக்கு 2, 3 நாட் போதும். இதில் இருந்து என்ன தெரிகிறது? செத்த இரையையும் இறகு லூரையும் ஒரே நேரத்தில் ஒரே படகில் இழுக்கக் கூடாது. ஒன்றுக்குச் சரியான வேகம் இன்னொன்றுக்குத் தப்பு. அன்றைக்கு எந்த வேகம் என்று முடிவெடுத்து, அந்த வேகத்தில் ஓடுகிற லூர்களை மட்டும் கட்டுங்கள்.

ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. போனில் ஜிபிஎஸ் காட்டுவது தரையைக் கணக்கில் வைத்த வேகம். லூருக்குத் தெரிவது நீரின் வேகம் மட்டும்தான். நீவாடு ஒன்றரை நாட் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீவாட்டோடு சேர்ந்து போகும்போது போன் 5 நாட் காட்டினால், லூர் நீரில் உண்மையில் மூன்றரை நாட்டில்தான் ஓடுகிறது. திரும்பி நீவாட்டை எதிர்த்து வரும்போதும் போன் அதே 5 நாட் காட்டினால், லூர் ஆறரை நாட்டில் அலறிக்கொண்டு ஓடும். எண் ஒன்றுதான், ஆனால் ஓட்டம் இரண்டு. 'போகும்போது ஒண்ணும் மாட்டல, வரும்போதுதான் மாட்டுச்சு' என்று சொல்வதற்குப் பல சமயம் இதுதான் காரணம்.

அப்போ எதை நம்புவது? நரம்பை. லூரைத் தூர விடுவதற்கு முன்னால் படகின் ஓரத்திலேயே நீரில் விட்டு, ஓடும் வேகத்திலேயே இழுத்துப் பாருங்கள். அது நேராக, ஒரே சீராகத் துடிக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடினால் மூக்கு வளையத்தைக் குறடால் எதிர்ப்பக்கம் துளி வளைத்துச் சரி செய்யலாம். புரண்டு சுழன்றால் வேகம் அதிகம், குறையுங்கள். அந்தத் துடிப்பு கையில் எப்படி இருக்கிறது, கோலின் நுனியில் எப்படித் தெரிகிறது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் போகிற திசை எதுவானாலும் அதே துடிப்பு வருமாறு எஞ்சினைக் கூட்டிக் குறையுங்கள். துடிப்பு திடீரென்று நின்றால் பாசியோ பிளாஸ்டிக் பையோ மாட்டியிருக்கிறது. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது. பாசி தொங்குகிற லூரை ஒரு மணி நேரம் இழுப்பது எரிபொருளைக் கடலில் ஊற்றுவதற்குச் சமம்.

செட் கட்டும் வரிசை

இதுவரை சொன்னதை ஒன்றாகக் கட்டிவிடுவோம். வஞ்சிரத்துக்கான எளிய செட் இது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

முதன்மை நரம்பு: 15 முதல் 25 கிலோ தாங்கும் தங்கூஸ். ரீல் இல்லாமல் கையால் இழுப்பவர்கள் இதைவிடத் தடித்த நரம்பு எடுக்கலாம். மெல்லிய நரம்பு கையை வெட்டும்.

அதன் முனையில் பால் பேரிங் சுவிவல். இது இல்லாவிட்டால் நரம்பு முறுக்கிக்கொள்ளும்.

அடுத்து ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தடித்த நரம்பு லீடர்.

அதன் முனையில் சின்ன சுவிவல். கறுப்பு நிறம் நல்லது. பளபளக்கும் சுவிவலைச் சின்ன மீன் என்று நினைத்து வஞ்சிரம் அதையே கடிக்கும், கம்பி இருந்தும் மேலே நரம்பு அறுந்துவிடும்.

கடைசியாக 30 முதல் 45 சென்டிமீட்டர் கம்பி, அதன் முனையில் லூர்.

ஃபைபர் படகுக்கு இரண்டு நரம்பு போதும், பழகியவர்கள் மூன்று விடலாம். எல்லாவற்றையும் ஒரே தூரத்தில் விடாதீர்கள். ஒன்று 15 மீட்டர், ஒன்று 25, இன்னொன்று 40 என்று தள்ளித் தள்ளி விடுங்கள். திரும்பும்போது சிக்காது. ஆழமாக ஓடும் லூர் படகுக்குப் பக்கத்திலும், மேலே ஓடும் லூர் தூரத்திலும் இருக்கட்டும். எஞ்சின் கிளப்புகிற வெள்ளை நுரையைப் பார்த்து மீன் ஓடிவிடும் என்று நினைக்க வேண்டாம், நுரைக்குப் பக்கத்திலேயே வந்து கடிக்கிற மீனும் உண்டு.

நேர்கோட்டில் மட்டும் ஓட்டாமல் மெல்ல வளைந்து வளைந்து ஓட்டுங்கள். படகு திரும்பும்போது வெளிப்பக்க லூர் வேகம் பிடிக்கும், உள்பக்க லூர் மெதுவாகும். வெளிப்பக்கத்தில் கடித்தால் மீன் வேகம் கேட்கிறது, உள்பக்கத்தில் கடித்தால் நிதானம் கேட்கிறது. காசு செலவில்லாத சோதனை இது.

மீன் மாட்டியதும்

ரீல் வைத்திருப்பவர்கள் டிராக் எனும் பிரேக்கை முன்பே அளந்து வையுங்கள். நரம்பு தாங்கும் எடையில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவில் இருக்கட்டும். 15 கிலோ நரம்பு என்றால் ஸ்பிரிங் தராசில் இழுத்துப் பார்க்கும்போது 4, 5 கிலோவில் நரம்பு வெளியே ஓட வேண்டும். முழுக்க இறுக்கி வைத்தால் முதல் அடியிலேயே அறும்.

கையால் இழுப்பவர்களுக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். நரம்பை எந்தக் காரணத்துக்காகவும் மணிக்கட்டிலோ விரலிலோ சுற்றிக்கொள்ளாதீர்கள். 20 கிலோ வஞ்சிரம் ஒரு நொடியில் ஓடுகிற ஓட்டத்தில் விரல் போகும், ஆளே நீரில் விழுவார். கையுறை போடுங்கள். நரம்பின் முனையைப் படகில் கட்டும்போது நடுவில் ஒரு ரப்பர் டியூப் துண்டைச் சேர்த்துக் கட்டினால் முதல் அடியை அது வாங்கிக்கொள்ளும்.

மீன் மாட்டியதும் எஞ்சினைச் சட்டென்று நிறுத்தாதீர்கள். நரம்பு தளர்ந்தால் முள் கழன்றுவிடும். வேகத்தை மெல்லக் குறையுங்கள், மற்ற நரம்புகளை உள்ளே எடுங்கள். மீன் படகுக்கு அடியில் ஓடினால் உடனே நியூட்ரல். விசிறியில் நரம்பு சுற்றினால் எஞ்சினை முழுக்க அணைத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். படகுக்குள் வந்த வஞ்சிரமும் ஊளியும் துள்ளும்போது வாயில் மூன்று கொக்கி முள் தொங்கிக்கொண்டிருக்கும். குறடால்தான் கழற்ற வேண்டும். முள் கையில் ஆழமாக ஏறிவிட்டால் பிடுங்கி இழுக்காமல், நரம்பை வெட்டிவிட்டுக் கரைக்கு வந்து அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டி, டிடி ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணுக்கு அருகில் என்றால் துளியும் தாமதிக்க வேண்டாம்.

பிடித்த மீனை வெயிலில் போட்டுவிட்டு அடுத்த மீனுக்கு ஓடினால் தூண்டில் மீனின் மதிப்பே போய்விடும். செவுளை வெட்டி ரத்தத்தை வடித்து உடனே ஐஸில் வையுங்கள். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்பதுதான் கணக்கு. சின்ன வஞ்சிரம் மாட்டினால், நல்ல நிலையில் இருந்தால் விட்டுவிடுங்கள். அது பெரும்பாலும் 70 சென்டிமீட்டரைத் தாண்டிய பிறகுதான் முட்டையிடும் பருவத்துக்கு வருகிறது. வலையில் இந்தத் தேர்வு கிடைக்காது, தூண்டிலில் கிடைக்கிறது.

புறப்படும் முன் போனில் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் வானிலை. ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், அதாவது இன்காய்ஸ், அலையின் உயரம், காற்று, நீரோட்டம் ஆகியவற்றை முன்கூட்டியே வெளியிடுகிறது. செயற்கைக்கோள் மூலம் கடல் நீரின் வெப்பத்தையும் பச்சையத்தையும் பார்த்து, மீன் சேரக்கூடிய இடங்களைப் பற்றிய அறிவிப்பையும் தமிழில் தருகிறது. வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும் பார்க்க வேண்டும். 'கடலுக்குப் போக வேண்டாம்' என்று வந்துவிட்டால், கச்சான் காத்து இன்னும் எழும்பவில்லையே என்று கணக்குப் போடாதீர்கள். மீன்வளத் துறையின் 'தூண்டில்' செயலி, எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் 'ஃபிஷர் ஃபிரெண்ட்' செயலி போன்றவை மீனவர்களுக்காகவே செய்யப்பட்டவை.

இரண்டாவது, எல்லை. மீனைத் துரத்திப் போகும்போது எவ்வளவு தூரம் வந்தோம் என்பதே தெரியாது. இலங்கையுடனான கடல் எல்லை 1974, 1976 ஒப்பந்தங்களில் வரையறுக்கப்பட்டது. ராமேசுவரம், தனுஷ்கோடிப் பக்கம் அது மிக அருகில் இருக்கிறது. ஜிபிஎஸ் வேலை செய்ய சிக்னல் தேவையில்லை, ஆனால் வரைபடம் போனில் இருக்க வேண்டும். கரையிலேயே ஆஃப்லைனில் இறக்கி வையுங்கள்.

மூன்றாவது, தடை. ராமேசுவரத்தில் இருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளைச் சுற்றிய மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் மீன் பிடிக்கக் கூடாது. அது 1986-இல் அறிவிக்கப்பட்ட பூங்கா. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுகளுக்கு. குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரைக்கு அது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நாட்டுப் படகுகளுக்கு இந்தத் தடை பொருந்தாது. பொழுதுபோக்காகப் போகிறவர்கள், ஏறும் படகில் பதிவெண் எழுதியிருக்கிறதா, ஆளுக்கொரு உயிர்காப்புக் கவசம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். கடல் ஆமை முள்ளிலோ நரம்பிலோ சிக்கினால் நரம்பை முடிந்த அளவு வாய்க்கு அருகில் வெட்டி விடுவித்துவிட வேண்டும். ஆமை சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிரினம்.

நான்காவது, இரண்டு எண்கள். கடலோரக் காவல் படைக்கு 1554. தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் துறைக்கு 1093. இரண்டையும் இப்போதே போனில் சேமித்துவிடுங்கள். வீட்டில் இருப்பவர் போனிலும் சேமித்து, எந்தத் திசையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். கரையை விட்டுத் தள்ளிப் போனால் சிக்னல் போய்விடும். விஎச்எஃப் கருவி இருந்தால் ஆபத்து அழைப்புக்கு 16-ஆம் சேனல். போனை நீர் புகாத உறையில் போட்டு, சட்டைப் பையில் அல்லாமல் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை போனில் தூண்டில் சாமான் வாங்க விரல் போகும்போது ஒரு நிமிஷம் நில்லுங்கள். என் மீனுக்குப் பல் உண்டா? அது எத்தனை மீட்டர் கீழே இருக்கும்? என் படகு அந்த வேகத்தில் நிதானமாக ஓடுமா? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால், நூறு துண்டு காம்போவுக்குப் பதிலாக இரண்டு நல்ல லூர், ஒரு சுருள் கம்பி, நான்கு சுவிவல், ஒரு குறடு, ஒரு ஜோடி கையுறை போதும் என்று உங்களுக்கே புரியும். மிச்சக் காசுக்கு உயிர்காப்புக் கவசம் வாங்குங்கள்.

நல்லபடியாகப் போய், நல்லபடியாகக் கரை சேருங்கள்.